பச்சைத் தண்ணீர் படாத பாட்டில்

அய்யாக்குட்டி அண்ணாச்சி பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. அண்ணாந்து, ஒரு சாண் உயரத்தில் பாட்டிலைப் பிடித்து, சட்டையில் ஒரு சொட்டு சிந்தாமல் மடமடவென்று உள்ளே இறக்குவார். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் அவர் டெம்போவில் கிடக்கும் பாட்டிலை லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக் குடிப்பார்கள். அவர் போடும் நிபந்தனை ஒன்றுதான். "எச்சி பண்ணாமக் குடிலே." எவனாவது மறந்துபோய் வாய் வைத்துவிட்டால் பாட்டிலையே தூக்கி எறிந்துவிடுவார். வாய் படாத பாட்டிலை எதற்குத் தேய்த்துக் கழுவ வேண்டும், அலசி ஊற்றினால் போதாதா என்பது அவர் கட்சி.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை சொல்லத் தொடங்கினால் முதலில் என் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என் வீட்டுக்காரர் சேக் தாவூது சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். கேஸ் சிலிண்டர் மாற்றுவதிலிருந்து என் மகள் ஷிஃபாவை டியூஷனிலிருந்து கூட்டி வருவதுவரை எனக்கு ஆம்பிளைத் துணை அண்ணாச்சிதான். சிவகிரிக்காரர். புளியரை மலை ஏறி கேரளாவுக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டுபோகிற டெம்போ சொந்தமாக வைத்திருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. மதினி முப்பிடாதியம்மாள்தான் அவருக்கு எல்லாமும்.

அந்த மதினிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. ஒன்றரை வருடம் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். கடைசியில் மதுரையில் சோதித்துப் பார்த்தபோது அண்ணாச்சியுடைய சிறுநீரகம் பொருந்தியது. படைத்தவன் ஜோடி சேர்க்கும்போதே பார்த்துத்தான் சேர்த்திருக்கிறான் என்று தெருவே பேசியது. "ஒண்ணு அவட்ட இருக்கட்டும், ஒண்ணு என்ட்ட இருக்கட்டும்" என்று சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டிச் சிரித்தார் அவர்.

மதுரை டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பினார். மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மதினி சாகும்வரை மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற கிருமி அவருக்கு உயிருக்கே வந்து நிற்கும். ஆகவே காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும். பச்சைத் தண்ணீர் படவே கூடாது.

டாக்டர் 'படவே கூடாது' என்றதை அண்ணாச்சி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது குற்றால சீசன். சேக் தாவூது பக்ரீத் லீவில் வந்தபோது ஒரே மாதிரி இரண்டு ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்திருந்தார். பச்சை ஒன்று, நீலம் ஒன்று. பச்சையைப் பெட்டியோடு மதினிக்குக் கொடுத்தேன். நீலம் பெட்டி பிரிக்காமலே என் ஷோகேஸுக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து வருகிற சபூர் சாமானை உபயோகிக்காமல் அடுக்கி வைத்து அழகு பார்ப்பதில் எங்களை அடிக்க ஆளில்லை.

அண்ணாச்சி மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் குளித்துவிட்டு அடுப்படிக்குள் போவார். தண்ணீர் கொதி வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் நிற்பார். மூடி வைத்து ஆற்றிப் பச்சை பாட்டிலில் ஊற்றுவார். பாட்டிலில் முந்தைய தண்ணீர் பாதி இருந்தால் அதன் மேலேயே ஊற்றுவார். காய்ச்சின தண்ணீரைக் கொட்ட மனசு வராது. பாட்டிலைக் குழாயடிக்குக் கொண்டுபோக மாட்டார், அது பச்சைத் தண்ணீர். சோப்புப் போட மாட்டார், சோப்பு ஒட்டியிருந்தால் கிட்னிக்கு விஷம். காலியாக இருக்கும்போதுகூட மூடியை இறுக்கித் திருகி வைப்பார், தூசி விழக் கூடாது. மதினியையும் அண்ணாந்துதான் குடிக்க வைத்தார். கொதித்த தண்ணீர் மட்டுமே போகிற, எச்சில் படாத பாட்டிலில் அழுக்கு எங்கிருந்து வரும்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூடிக்குள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. தண்ணீர் ஒழுகாமல் பிடிப்பது அதுதான். மதினிக்கு மூடியைத் திறந்து கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மதினி, "தண்ணி ஒரு மாதிரி இருக்கே" என்றார். அண்ணாச்சி முகம் சுருங்கிப்போனது. மறுநாளிலிருந்து கொதிக்கிற தண்ணீரில் ஒரு கை சீரகம் போட ஆரம்பித்தார். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா மணக்கு" என்றார் மதினி. அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கார்த்திகையில் மதினிக்கு வயிற்றுப்போக்கு. மார்கழியில் வாயெல்லாம் புண். பொங்கல் கழிந்து மறுபடி வயிறு. ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி ஒரு கட்டுப்பாட்டைக் கூட்டினார். தெருக்காரர்கள் வாசலோடு நிற்க வேண்டும். நான் உள்ளே போனால் முழங்கை வரை கை கழுவ வேண்டும். மதினியின் தங்கை ஊரிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தைக் கண் முன்னாலேயே குப்பையில் போட்டார். பத்து நிமிடம் கொதித்தது இருபது நிமிடம் ஆனது. அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் பயமாக இருந்தது, பச்சை பாட்டிலைத் தவிர. அதை மட்டும்தான் எல்லோரும் நம்பினோம்.

நோன்பு மாதம் வந்தது. வருடா வருடம் எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி மதினிக்கு ஒரு தூக்குவாளி போகும். இந்த வருடம் கேட்கக்கூட மாட்டார் என்று நினைத்தேன். "ஏட்டி நூரு, ஒரு வாய்க் கஞ்சி குடிச்சா போற உசுரு நின்னுக்கிடும்ட்டி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சினார். அண்ணாச்சியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு, தனிச் சட்டியில், காய்ச்சின தண்ணீரில் வைத்து, பத்தாவது நோன்பு அன்று கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மதினிக்குக் குளிர்காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட்டது. திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோனார்கள்.

அதற்கு மறுநாள் மதியம் மாற்றுத் துணி எடுக்க வந்த அண்ணாச்சி என் வாசலில் நின்று கத்தினார். "கஞ்சின்னு சொல்லி என்னத்தக் கரைச்சுக் கொடுத்த? ஒம்பது மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே! ஒரு கிண்ணத்துல கொண்டுபோயிட்டியே!" தெருவில் அத்தனை வீட்டு வாசலிலும் ஆள். "நீங்க சரின்னு சொல்லித்தானே அண்ணாச்சி கொடுத்தேன்" என்றேன். அவர் காது கொடுக்கவில்லை. அன்றைக்கு நோன்பு திறக்க உட்கார்ந்தபோது கஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. நாலு நாள் கழித்துத் திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். நோன்பாளிக்கு வழிக்குத் தண்ணீர் வேண்டாம், ஆஸ்பத்திரியில் உதவுமே என்று ஷோகேஸிலிருந்து அந்த நீல பாட்டிலை எடுத்தேன். பெட்டியைப் பிரித்து மூடியைத் திறந்தேன்.

உள்ளே இருந்த வளையம் வெள்ளையாக இருந்தது.

பாட்டில்தான் வேறு நிறம், வளையமும் வேறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. பெட்டியில் இரண்டு நிற பாட்டிலும் படம் போட்டிருந்தது. இரண்டுக்கும் வளையம் வெள்ளை. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஆத்திரம் தலைக்கேறியது. என் கஞ்சியையா சொன்னீர், இதைப் பாரும் என்று அவர் முகத்துக்கு நேரே இரண்டு மூடியையும் நீட்ட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். திருநெல்வேலி போகும்வரை அதையே மனசுக்குள் பேசிக்கொண்டு போனேன்.

வார்டில் மதினி கண் மூடிக் கிடந்தார். அண்ணாச்சி அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார், பச்சை பாட்டிலிலிருந்துதான். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு ஆள் இல்லாததால் பாட்டிலை நீட்டினார். "கேன்டீன்ல வெந்நி பிடிச்சிட்டு வா. பச்சத் தண்ணி பட்டுறாம."

அதை வாங்கிக்கொண்டு நர்ஸுகள் கை கழுவும் இடத்துக்குப் போனேன். தலைத்துணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி மூடிக்குள் விட்டு அந்தக் கறுப்பு வளையத்தை நெம்பினேன். வழுவழுவென்று வெளியே வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளம் முழுக்கக் கூழ். சீரக மணத்துக்கு அடியில் மீன் கழுவின தண்ணீர் நாற்றம். விரலால் தேய்த்தேன். கறுப்பு விரலில் வந்தது. உள்ளே வெள்ளை தெரிந்தது.

பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த ஷெர்லின் என்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, அந்த கிட்னி பேஷண்ட்டுக்கு இதுலயா தண்ணி கொடுக்காங்க?"

"தண்ணிய இருவது நிமிஷம் கொதிக்க வைக்காரு" என்றேன்.

"தண்ணி சுத்தந்தான் அக்கா. ஊத்துத இடம்? வளையத்தக் கழட்டணும். சோப்பு போட்டு பிரஷ் வச்சு மூடியையும் கழுத்தையும் தேய்க்கணும். கொதிச்ச தண்ணில அலசி, மூடாம கவுத்தி வச்சு நல்லாக் காய விடணும். தெனமும் செய்யணும். ஈரத்தோட மூடி வச்சா உள்ள கிருமி குடும்பம் நடத்தும்லா."

"இதனாலதான் காய்ச்சலா?"

"இதுதான்னு டாக்டரே சாதிச்சுச் சொல்ல மாட்டாரு. ஆனா இனிமே ஒரு மடக்குகூட இதுல கொடுக்காதிய. அவங்க வீட்டுக்காரர்ட்ட நான் சொல்லவா?"

"வேண்டாம். நான் சொல்லுதேன்" என்றேன்.

இரண்டு பாட்டிலையும் கையில் பிடித்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். அண்ணாச்சி மதினியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். "கிட்னி வேல செய்யுதது மெதுவா எறங்குதுங்காரு டாக்டர். என் கையால ஒவ்வொரு சொட்டையும் காய்ச்சிக் கொடுத்தேன் நூரு. நான் என்ன தப்பு செஞ்சேன்? எனக்குத் தெரியலயே."

பஸ்ஸில் பேசிப் பார்த்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. இந்த மனுஷனிடம் 'உம்ம கையால்தான்' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி மாடியிலிருந்து குதித்துவிடுவார் என்று பயந்தேன்.

"இந்தப் பாட்டில் சரியில்ல அண்ணாச்சி" என்றேன். "மட்டமான சரக்கு. உள்ள துரு விடுது. பாக்காமக் கொடுத்தது என் தப்பு." பச்சை பாட்டிலை அவர் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டேன்.

"கஞ்சி இல்ல, பாட்டிலா" என்றார். "மொத்தத்துல நீதான்." நான் நீட்டிய நீல பாட்டிலைத் தொடவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து மதினி வீடு வந்தார். சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. இன்னொரு முறை இப்படி வந்தால் அது தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி தென்காசி பஜாரில் புதிதாக ஒரு சிவப்பு பாட்டில் வாங்கினார். என்னோடு பேச்சை நிறுத்தினார். சபூர்ப் பாட்டில் கொடுத்துக் கெடுத்தவள் என்று தெருவில் சொன்னார். சொல்லட்டும் என்று இருந்தேன். பழியை ஏற்றுக்கொண்டதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மதினியைத் தனியாகப் பார்க்கும்போது கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் தனிமை வாய்க்கவே இல்லை. சித்திரை போனது, வைகாசி போனது. நானும் நல்லதே நடக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஆனி கடைசியில் சாரல் பிடித்தது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாத காலம். அருவியில் தண்ணீர் விழுவதை எட்ட நின்றாவது பார்க்க வேண்டும் என்று மதினி பிடிவாதம் பிடித்தார். "நூரு வராம நான் வரமாட்டேன்" என்றும் சொன்னார். அண்ணாச்சி என்னிடம் பேசாமலே டெம்போவின் கதவைத் திறந்துவிட்டார். ஐந்தருவிக்குப் போனோம். கூட்டத்துக்குத் தள்ளி ஒரு சுவரில் மதினியை உட்கார வைத்து, மூக்கு வாய் மூட மாஸ்க் போட்டுவிட்டு, தான் மட்டும் குளிக்கப் போனார்.

மதினி மாஸ்க்கை இறக்கி, சிவப்பு பாட்டிலைத் திறந்து, மூடியை என் கையில் தந்தார். அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது. நான் மூடிக்குள் பார்த்தேன். வெள்ளை வளையத்தின் ஓரத்தில், சுற்றிலும், தையல் போட்டது மாதிரி மெல்லிய கறுப்பு.

"மதினி, தண்ணி நாறுதா?"

அவர் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பழைய பாட்டில்லயும் நாறத்தான் செஞ்சுது. ஒரு தடவ சொன்னேன். அவரு மூஞ்சி செத்துப்போச்சு. சீரகத்தப் போட்டாரு. கெட்ட தண்ணி தாரியன்னு எப்படிட்டி சொல்ல? கிட்னியவே கொடுத்த மனுஷன்ட்ட!"

"பாட்டிலைக் கழுவாததுதான் மதினி. துருவும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "அவர்ட்ட சொல்லிறாத. ஒடஞ்சு போவாரு. நான் குடிச்சுக்கிடுதேன்."

குடிச்சுக்கிடுதேன் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கோபம் மதினி மேல் பாதி, என் மேல் மீதி. தலைத்துணி ஊக்கைக் கழற்றினேன்.

அண்ணாச்சி தலை துவட்டிக்கொண்டு வந்தபோது மூடி ஒரு கையிலும் வளையம் ஒரு கையிலுமாக நின்றேன். "இங்கன பாருங்க அண்ணாச்சி" என்று வளையத்தைத் திருப்பிக் காட்டினேன். அதன் முதுகுப் பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது. ஷெர்லின் சொன்னதெல்லாம் சொன்னேன்.

வாங்கிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். "இது நீ கொடுத்த பாட்டில் இல்லயே" என்றார்.

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப, அதுலயும்?"

"ஆமா. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மதினியைத்தான் பார்த்தார். "நாறுதுன்னு ஒனக்குத் தெரியுமா முப்பிடாதி?"

மதினி குனிந்தபடியே தலையை ஆட்டினார்.

"ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"ஆசையா காய்ச்சுதியளே" என்றார் மதினி.

அண்ணாச்சி ஈரத் துண்டோடு தரையில் உட்கார்ந்தார். குளிக்க வந்தவர்கள் விலகி விலகிப் போனார்கள். சத்தம் போட்டு அழுதார். அருவி இரைச்சலில் அது பக்கத்திலிருந்த எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் கேட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "எப்படிக் கழுவணும்? முதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்தார். வரும் வழியில் டெம்போவை நிறுத்திப் பாட்டில் பிரஷ் வாங்கினார். சாரலில் எதுவும் காயவில்லை என்று பாட்டிலையும் மூடியையும் வளையத்தையும் சுத்தமான துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்து, காயும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். நீல பாட்டிலையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று காயும்போது இன்னொன்று.

அன்றிலிருந்து தினமும் மதியம் என் வாசலுக்கு வந்து மூடியை நீட்டுகிறார். நான் ஊக்கால் வளையத்தைத் தூக்கிப் பார்த்து, "வெள்ளையா இருக்கு அண்ணாச்சி" என்பேன். மூடியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்.

இன்றைக்கு ஐந்தாம் நாள். மதியம் வந்தவர் நாலு மணிக்கு மறுபடியும் வந்தார். மூடியை நீட்டினார். பார்த்தேன். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"நல்லாப் பாரு நூரு" என்றார். "அவளுக்கு மேலெல்லாம் சுடுது."